நான் புள்ளடி போடாத பெட்டி

போன மாதம் நிரோஷா வீட்டுக்கு வந்தாள். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற நிவாரண அமைப்பில், இப்போது என் கதிரையில் இருப்பவள் அவள்தான். மட்டக்களப்புப் பெண், கெட்டிக்காரி. கனடாவில், மொன்றியால்-நோரிலிருந்து நான் இருக்கிற பியர்பொன்ட்ஸ் வரை இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு டப்லெட்டோடு வந்தாள். நாங்கள் பேனையால் நிரப்பிய பதிவுப் படிவம் முழுக்க இப்போது அந்தக் கண்ணாடிக்குள் போய்விட்டதாம்.

“அன்ரி, இதை ஒருக்கா பாத்துச் சொல்லுங்களன்” என்று ஒரு பக்கத்தைக் காட்டினாள்.

‘உங்களோடு வராத குடும்பத்தவர்’ என்று தலைப்பு. கீழே மூன்று பெட்டிகள். தொடர்பில் இருக்கிறார், தொடர்பு இல்லை, இறந்துவிட்டார். மூன்றில் ஒன்றைத் தொடாவிட்டால் அடுத்த பக்கம் வராது. நான் விரலால் தட்டோ தட்டென்று தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

“முந்தி கீழ ‘வேறு குறிப்பு’ எண்டு ஒரு கோடு இருந்திச்சாமே? அதை எடுத்துட்டாங்க. எடுத்தது நல்லமா, கூடாதா? நாங்க அதைத் திருப்பிக் கேக்கலாமெண்டு இருக்கம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுபடும்.”

“தேத்தண்ணி ஆறுது, குடி” என்றேன்.

பாவம், அவளுக்குத் தெரியாது. அந்தக் கோட்டை எடுத்ததே என்னால்தான். நாலு நாளாக யோசித்தேன். மண்டை காய்ந்ததுதான் மிச்சம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவள் வாசித்து அவளே முடிவெடுக்கட்டும். என்னைக் கேட்டால் காலையில் ஒன்று சொல்வேன், பின்னேரம் வேறொன்று சொல்வேன். இந்த வயதில் அப்படிக் குழம்புவது வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிய கதையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன், தையல் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துத் தைத்தேன், பின்னேரங்களில் பிரெஞ்சு படித்தேன். எங்கள் கட்டடத்தில் ஒரு நாள் தீப்பிடித்தபோது, தமிழ்ச் சனத்துக்கும் நிவாரணக்காரருக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தேன். என் வாயைப் பார்த்தோ என்னவோ, வேலை தந்தார்கள். அதன்பிறகு தீ, வெள்ளம், பனிமழையில் மின்சாரம் போன வீடுகள் என்று இருபது வருடத்துக்கு மேல் கட்டிலும் போர்வையும் கொடுத்தேன். படிவமும் நிரப்பினேன்.

என் மேலதிகாரி ஜினெத். கியூபெக்காரி, நெட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். மத்தியான உணவை நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். முட்டை வைத்த பாண் ஒரு கையில், பட்டியல் மறு கையில். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. நாங்கள் பிழை விட்டால் அந்தத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பாள். நாமே கண்டுபிடிக்கும்வரை நிற்பாள். அதைவிடக் கன்னத்தில் இரண்டு போட்டிருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

அவளுடைய முறைகள் இன்னும் மனப்பாடம். வருகிறவருக்கு எதிரே இருக்கக் கூடாது, பக்கத்தில் கதிரை போட்டு இருக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு பெயர். ‘என்ன இழந்தீர்கள்’ என்று கேட்கவே கூடாது. பென்சிலால் எழுத வேண்டும், எழுதியதை அவருக்கே உரத்து வாசித்துக் காட்ட வேண்டும், அவர் தலையாட்டிய பிறகுதான் பேனை. படிவத்துக்கு மூன்று தாள். வெள்ளை அலுவலகத்துக்கு, மஞ்சள் தங்குமிடக் கோப்புக்கு. இளஞ்சிவப்புத் தாள் தேடும் பிரிவுக்கு. அதுவும் ‘தொடர்பு இல்லை’ என்ற பெட்டியில் புள்ளடி விழுந்திருந்தால் மட்டும். தேடும் பிரிவு மற்ற நாடுகளின் நிவாரண அலுவலகங்களோடு அந்தத் தாள்களைப் பரிமாறிக்கொள்ளும். அங்கிருந்து ஒரு தாள், இங்கிருந்து ஒரு தாள், இரண்டும் ஒரே மேசையில் சந்தித்தால்தான் தொலைபேசி அடிக்கும்.

“அவை சொல்லுறதை எழுது. நீ நினைக்கிறதை எழுதாதை” என்பாள் ஜினெத். அவள் சொன்னது பிரெஞ்சில். இங்கே எல்லோரும் என் தமிழில்தான் பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எரிமலை வெடித்தது ஒரு கோடைகாலம். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் ஆளைப் பிடித்துவிடுவீர்கள். தீவின் வடக்குப் பாதியைச் சாம்பல் மூடிவிட்டது. சனத்தைப் படகுகளில் ஏற்றிப் பக்கத்துத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். மொன்றியாலில் சொந்தக்காரர் இருந்தவர்களை அங்கிருந்து விமானத்தில் இங்கே அனுப்பினார்கள். சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் ஒற்றை அறை வீடுகள். அதனால் மொன்றியால்-நோரில் விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு கல்லூரி விடுதியைத் திறந்தோம்.

முதல் நாள் தலைகால் தெரியவில்லை. நான் இரவிரவாக இருந்து அறைப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். நாலு பேருக்கு ஓர் அறை, பெயர் அகரவரிசைப்படி. வந்த சனம் அதைப் பார்க்கவுமில்லை. அவர்களுக்குக் கடதாசியில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர். பக்கத்து வீட்டுக்காரியின் கடதாசிப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் ஊரிலும் பாதிச் சனம் அப்படித்தானே! நான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிட, ஒருவரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், தங்கள் ஒழுங்கையில் வீடுகள் இருந்த வரிசைப்படி அறைகளைப் பிடித்துக்கொண்டு போர்வையை விரித்தாயிற்று.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஜினெத்திடம் ஓடினேன்.

“அவை ஒழுங்கையைக் கொண்டுவந்திட்டினம். நீ ஏன் அதைக் குழப்புறாய்?” என்று சொல்லிவிட்டு என் பட்டியலின் பின்பக்கத்தில் அறை எண்களை எழுதத் தொடங்கினாள். நானும் வாயை மூடிக்கொண்டு தண்ணீர்ப் போத்தல் கொடுக்கப் போனேன்.

அன்று மத்தியானம் என் மேசைக்கு வந்தவள் மார்லின். ஐம்பது வயதிருக்கும், என் வயதுதான். தனியாக வந்திருந்தாள். முழங்கை மடிப்பில் இன்னும் சாம்பல் இருந்தது. பையில் அவளுடைய உடுப்பு இரண்டு, ஓர் ஆணின் சப்பாத்து ஒரு சோடி. தண்ணீர் கொடுத்தேன், பெயர் எழுதினேன். ‘உங்களோடு வராத குடும்பத்தவர்’ என்ற இடத்துக்கு வந்தோம்.

“என்ர மனுசன், கிளெமென்ட். பின்னால வாறார்” என்றாள்.

“எங்க நிக்கிறார் இப்ப?”

“படகுக்கு வந்தவர், திரும்பி மலைக்குப் போயிட்டார். அயலட்டையின்ர மாடெல்லாம் கட்டினபடி நிண்டது. கயித்தை அறுத்து விட்டுட்டு அடுத்த படகில வாறன் எண்டவர்.”

“கடைசியா எப்ப கதைச்சனீங்கள்?”

“படகடியில.”

அதாவது பதினொரு நாள். தொலைபேசி இல்லை, தகவல் இல்லை. சட்டப்படி பார்த்தால் யோசிக்கவே தேவையில்லை. ‘தொடர்பு இல்லை’, புள்ளடி, இளஞ்சிவப்புத் தாள். ஒரு நொடி வேலை.

என் கை போகவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் கவலையீனம் என்று நினைப்பீர்கள். எங்கள் பெரியண்ணை யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் காலை சைக்கிளில் வேலைக்குப் போனவர்தான், திரும்பவில்லை. அவருடைய மனைவி, என் மச்சாள், கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். ஆணைக்குழு, விசாரணை என்று எத்தனை வந்ததோ அத்தனைக்கும் இங்கிருந்து ஆங்கிலத்தில் படிவம் நிரப்பி அனுப்பியது நான்தான். ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் ஒரே கதை.

“காணாமற்போனவர் எண்டு மட்டும் எழுதிப்போடாதை. அப்பிடி எழுதினா அவங்களுக்கு வேலை முடிஞ்சுது. சாவுப் பத்திரத்தைத் தந்து அனுப்பிப்போடுவாங்கள். வெளியில போயிருக்கிறார் எண்டு எழுது.”

நானும் அப்படியே எழுதினேன், வருடக்கணக்காக. எங்கள் சனத்துக்கு அந்தப் பெட்டி, தேடலை மூடுகிற பெட்டி. ஜினெத்தின் படிவத்திலோ அது தேடலைத் திறக்கிற பெட்டி. இது எனக்குத் தெரியாததா? புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் படிப்பித்ததே நான். ஆனால் பக்கத்தில் ஒருத்தி மனுசனின் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும்போது, தெரிந்தது ஒன்றும் கைக்கு வரவில்லை. பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டு, கீழே ‘வேறு குறிப்பு’ என்ற கோட்டில் எழுதினேன்: ‘பின்னால் வருகிறார்.’

முறைப்படி உரத்து வாசித்துக் காட்டினேன். அவள் தலையாட்டினாள். பேனையால் எழுதினேன்.

“இரண்டு கட்டில் உள்ள அறை தாங்கோ. அவருக்குக் கதவோரக் கட்டில். இருமுவார்” என்றாள். அவருக்கும் சேர்த்து ஒரு துவாயும் கேட்டாள். கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஒருத்தியை நோகாமல் அனுப்பினேன் என்று பஸ்ஸுக்குள் இருந்து பெருமைப்பட்டேன். விசரி!

நாலு வாரம் போனது. மார்லின் சமையலறையில் உதவினாள், மற்றப் பெண்களோடு சிரித்துப் பேசினாள். கிளெமென்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பதினாலாம் அறையில் கதவோரக் கட்டில் விரித்தபடியே இருந்தது.

திங்கட்கிழமைகளில் ஜினெத் கட்டில் எண்ணிக்கை பார்ப்பாள். ஐந்தாவது திங்கள், ஒரு கையில் பாண், மறு கையில் பட்டியலோடு என் மேசையடியில் வந்து நின்றாள்.

“பதினாலில இரண்டு கட்டில். ஒரு ஆள். மற்றவர் ஆர்?”

“அவவின்ர மனுசன். வருவார்.”

“ஆர் சொன்னது?”

“அவ சொன்னவ.”

“கடைசியா எப்ப கதைச்சவையாம்?”

“படகடியில” என்றேன்.

ஜினெத் பாணை மேசையில் வைத்தாள். அத்தனை வருடத்தில் அவள் பாதிப் பாணைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. கோப்பை எடுத்தாள், மஞ்சள் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள், நின்றாள். நான் என்னத்தைக் கண்டுபிடிக்க? வெறும் பெட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இளஞ்சிவப்புத் தாள் அதற்குப் பின்னால் அப்படியே, கிழிக்காமல், ஒட்டிக்கொண்டிருந்தது.

“நீ எழுதினது பொய் இல்லை. எழுதாமல் விட்டதுதான் பிழை. இப்பவே அனுப்பு” என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார்! கடைசிப் படகொன்றில் பக்கத்துத் தீவுக்கு வந்து, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருக்கிறார். சாம்பலை விழுங்கி நெஞ்சு பழுது, மற்றப்படி சுகம். நான் கதிரையிலிருந்து எழும்பிக் கையைத் தட்டிவிட்டேன். பிறகுதான் மிச்சத்தை வாசித்தேன்.

வந்த முதல் வாரத்திலேயே அவர் மனைவியைத் தேடித் தாள் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் இங்கே வந்து, சந்திக்க ஒன்றும் இல்லாமல் கிடந்திருக்கிறது. மண்டபச் சுவரில் தினமும் ஒரு பட்டியல் ஒட்டுவார்களாம்: யார் யாரை எந்தெந்த நாட்டிலிருந்து சொந்தக்காரர் தேடுகிறார்கள் என்று. மனுசன் ஒவ்வொரு காலையும் எழும்பிப் போய் அந்தச் சுவரில் தன் பெயரைப் பார்த்திருக்கிறார். மற்றவர்களின் பெயர் வந்தது, ஒவ்வொருவராகப் போனார்கள். இதற்குள் யாரோ ஒரு புண்ணியவான், ‘உன்ர மனுசி சுகமாக் கனடா போயிட்டா’ என்று சொல்லியும் விட்டான். சுகமாக இருக்கிறாள், தேடவில்லை. வேறு என்ன நினைப்பார்?

மாடு பார்க்கவென்று தீவின் தெற்குப் பக்கத்துக்கு ஒரு குழுவைத் திருப்பி அனுப்ப இருந்தார்கள். மலை இன்னும் குமுறிக்கொண்டிருந்தது. விருப்பமானவர்கள் மட்டும், பொறுப்பு அவரவரே என்று கையெழுத்து வைத்துப் போகும் பயணம். கிளெமென்ட் கையெழுத்து வைத்துவிட்டார். படகு சனிக்கிழமை. அன்றைக்குப் புதன்.

மார்லினிடம் நானே சொல்ல வேண்டும் என்றாள் ஜினெத். சொன்னேன். மனுசன் உயிரோடு இருக்கிறார் என்றதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியைப் பற்றிச் சொன்னதும் என்னைப் பார்த்தாள், பிறகு கதவோரக் கட்டிலைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் அந்த மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுத்தேன். அவள் பேசத் தொடங்கியதுமே அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

“நீ தேடேல்லை.”

வைத்துவிட்டார். திரும்ப எடுத்தோம்; வர மாட்டாராம். வியாழனும் எடுத்தோம், வர மாட்டாராம். மார்லின் தலையில் கையை வைத்துக்கொண்டு என் கதிரையில் இருந்தாள். “அந்த மலைக்குப் போனா ஆள் திரும்பாது” என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜினெத் தொலைபேசியைத் தூக்கி என் முன்னால் வைத்தாள். “எழுதினது நீ. கதைக்கிறதும் நீ.”

அரச அலுவல் என்று சொல்லி ஆளைக் கூப்பிடச் சொன்னேன். நீண்ட நேரம் கழித்து இருமல் கேட்டது. அவருக்கு வணக்கம் சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்றுகூடத் தெரியவில்லை. பிரெஞ்சு முழுக்க எங்கேயோ போய்விட்டது.

“மிஸ்யூ, உங்கட மனுசியில பிழையில்லை. என்னில பிழை. ஒரு பெட்டி இருந்தது, நான் புள்ளடி போடேல்லை. அதாலதான் உங்கட பேர் சுவரில வரேல்லை.”

“மதாம், அவளுக்காகச் சொல்லுறியள்.”

“இல்லை, சத்தியமா!”

“அப்ப ஏன் போடேல்லை?”

எங்கள் நாட்டைச் சொன்னேன். அண்ணையைச் சொன்னேன், மச்சாளைச் சொன்னேன், அந்தப் பெட்டியில் பெயர் விழுந்தால் அங்கே என்ன நடக்கும் என்று சொன்னேன். உடைந்த பிரெஞ்சில், முன்னுக்குப் பின் முரணாக, நடுவில் இரண்டு வசனம் தமிழிலும் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. ஜினெத் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அன்றுதான் அந்தக் கதை தெரியும்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

“உங்கட அண்ணை பேந்து வந்தவரோ?”

“இல்லை.”

கொஞ்ச நேரம் இருமினார்.

“அவள் அண்டைக்கு என்ன சொன்னவள்? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ.”

மஞ்சள் தாளை எடுத்து வாசித்தேன். “‘பின்னால் வருகிறார்.’”

“எப்பிடிச் சொன்னவள்? அழுதவளோ?”

“இல்லை. டெப்பனர்க் கடைக்குப் பால் வாங்கப் போன ஆளைச் சொல்லுறமாதிரிச் சொன்னவ. உங்களுக்கெண்டு கதவோரக் கட்டில் கேட்டு வாங்கினவ. துவாயும் வாங்கினவ. அஞ்சு கிழமையா அந்தக் கட்டில் விரிச்சபடியே கிடக்கு.”

படகா, விமானமா என்று அவர் அங்கே யோசிக்க, நான் இங்கே கண்ணை மூடிக்கொண்டு எங்கள் ஊர்ப் பிள்ளையாரிலிருந்து எல்லாரையும் கூப்பிட்டேன்.

“அவளைக் கூப்பிடுங்கோ” என்றார்.

மார்லினிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் அவரை ஏசுவது கேட்டது. மாடுகளின் பெயர் சொல்லிச் சொல்லி ஏசினாள். சனிக்கிழமைப் படகு அவர் இல்லாமல் போனது.

ஜினெத் அறிக்கை எழுதினாள். என் பெயரைப் போடவில்லை. ஆனால் கடைசி வரியில், ‘வேறு குறிப்பு’ என்ற கோட்டை எடுத்துவிட வேண்டும், பெட்டியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எழுதினாள். எழுதிய தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். நான் வாசித்துத் தலையாட்டினேன். மேலிடம் அதைச் செய்து முடிக்க இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. நிரோஷா கேட்டதும், ‘எடுத்தது நல்லது பிள்ளை, அந்தக் கோடு ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தது’ என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

கிளெமென்டின் நெஞ்சு பறக்கிற அளவுக்குத் தேற இலையுதிர் காலம் ஆகிவிட்டது. அவரைக் கூட்டிவர டோர்வால் விமான நிலையத்துக்கு மார்லினோடு நான்தான் போனேன். எங்கள் களஞ்சியத்திலிருந்து அவருக்கென்று ஒரு குளிர் அங்கி தேடி எடுத்துப் போயிருந்தேன். அவள் அந்தப் புதன்கிழமையிலிருந்து என்னோடு அளவோடுதான் பேசினாள். வரவேற்புக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் வந்தது.

“மதாம், அவருக்கு நீங்கள் சொன்னியளாம், நான் பால் வாங்கப் போன ஆளைச் சொல்லுறமாதிரிச் சொன்னனான் எண்டு” என்றாள் திடீரென்று.

“ஓம். அப்பிடித்தானே சொன்னீங்கள்.”

“நான் படகில இருந்து பாத்தனான். அவர் ஏறின பக்கமாத்தான் சாம்பல் இறங்கினது. மரம் மறைஞ்சுது, கோயில் மறைஞ்சுது. அவர் செத்துப்போனார் எண்டுதான் நான் உங்கட கதிரையில வந்து இருந்தனான்.”

“அப்ப ஏன் வாறார் எண்டு சொன்னனீங்கள்?”

“வேற ஏதும் சொன்னா எழுதியிருப்பியள். எழுதினா ஒரு பதில் வரும். அந்தப் பதில் எனக்கு வேண்டாம். கட்டிலும் அதுக்குத்தான் கேட்டனான். நீங்கள் பெட்டியை விட்டதைப் பாத்தனான். பேசாமல் இருந்தனான்.” அங்கியின் கையை நீவி விட்டுக்கொண்டே சொன்னாள். “இத்தனை நாளும் உங்களோட கோவமில்லை. வெக்கம்.”

எனக்கு எதை எதோடு வைத்துப் பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதினேன். அவள் சொன்னது அவள் நினைத்தது இல்லை. நம்பிக்கை என்று நான் கண்டது முழுப் பயம். அவரை அந்த மலைக்குப் போகாமல் தடுத்து இவ்வளவு தூரம் கொண்டுவந்தது நான் வாசித்த அந்த ஒரு வரி. அது உண்மையாக இருக்கவே இல்லை. அன்று இளஞ்சிவப்புத் தாள் போயிருந்தால் ஒரு வாரத்தில் அவர் பெயர் அந்தச் சுவரில் வந்திருக்கும், அதுவும் சரி. எல்லாம் சரியாகவும் இருந்தது, எல்லாம் பிழையாகவும் இருந்தது. ஜினெத் பக்கத்தில் இருந்திருந்தால் அவளுக்கு நேரே ஒரு வெறும் தாளைத் திருப்பி வைத்து, நீ கண்டுபிடி பார்ப்போம் என்று நின்றிருப்பேன்.

கண்ணாடிக் கதவு திறந்தது. மெலிந்த, உயரமான மனிதர், கையில் ஒரு கடதாசிப் பை. மார்லின் ஓடவில்லை. நடந்துபோய் அங்கியை அவர் தோளில் போட்டு, பொத்தானை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அவர் அவளுடைய தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“தொலைபேசியில கதைச்ச மதாம் நீங்கள்தானே?”

கிட்ட வந்தார். என் கையைப் பிடித்தார். சாம்பல் தின்ற குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தார்.

“அந்தச் சுவரில என்ர பேர் இல்லாததை மறக்க ஏலாமல் கிடக்கு, மதாம். ராவில எழும்பி இருக்கிறனான். அப்பெல்லாம் நீங்கள் சொன்னதைத்தான் நினைக்கிறனான்.” நிறுத்தி இருமினார். “இன்னொருக்கா எனக்கு முன்னால சொல்லுங்கோ. உண்மையா அவள் அப்பிடித்தான் சொன்னவளோ? பால் வாங்கப் போன ஆளைச் சொல்லுறமாதிரி?”

அவருக்குப் பின்னால் மார்லின் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொல்கிறதைத்தான் எழுத வேண்டும், நினைக்கிறதை எழுதக் கூடாது என்று இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள் நான். வாயைத் திறந்தேன். பிரெஞ்சு வரவில்லை.

“ஓம்” என்றேன்.

தமிழ்ச் சொல்தான், அவருக்கு விளங்கியது.